மேலடுக்கில் இருக்கிறது

என் மகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் கம்ப்யூட்டர், காதில் ஹெட்ஃபோன், பக்கத்தில் நான் போட்டுக் கொடுத்து அவள் குடிக்க மறந்த காபி. எந்த ஊரிலிருந்தோ யாரோ ஒருவர் தன் பார்சல் வரவில்லை என்று அவளைப் பிடித்துக் காய்ச்சுவார். இவள் தேன் ஒழுகப் பேசுவாள். நடுவில் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு கன்னடத்தில் நான்கு வார்த்தை சொல்வாள், அதை இங்கே எழுத முடியாது. மறுபடி பொத்தானை அமுக்கினால் பழையபடி தேன். அந்தப் பொத்தானுக்கு மியூட் என்று பெயர். நாம் பேசுவது எதிராளிக்குக் கேட்காதாம்.

போன வாரம் அவளுக்கு ஆபீசிலிருந்து ஒரு பயிற்சி வைத்தார்கள். வேலையிடத்தில் உணர்ச்சிகளைக் கட்டுக்குள் வைப்பது எப்படி, அப்படி வைத்துப் பதவியில் மேலே போவது எப்படி என்று ஓர் அம்மாள் திரையில் பாடம் நடத்தினார். கோபம் வந்தால் பத்து வரை எண்ண வேண்டுமாம், தண்ணீர் குடிக்க வேண்டுமாம். நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டேன். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் ஒரே அசதியாக இருந்தது. உணர்ச்சியைக் கட்டுக்குள் வைத்துப் பதவியில் மேலே போனவள்தான் நானும். எப்படிப் போனேன் என்று சொன்னால் அந்த அம்மாள் பாடத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டார்.

எங்களுக்கு மியூட் பொத்தான் கிடையாது. தமிழ்தான் இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், பி.யு.சி. முடித்த கையோடு மைசூர் தேவராஜ மொஹல்லாவில் ஒரு சேலைக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்பா கொத்தனார். தர்மபுரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, மைசூரின் புது லேஅவுட்டுகளில் வெயிலில் நின்று சுவர் எழுப்பியவர். மகள் நிழலில் வேலை பார்க்கப் போகிறாள் என்று அவருக்கு அவ்வளவு பெருமை. நிழல்தான், ஆனால் நாள் முழுக்க நிற்க வேண்டும் என்பதை அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

காலையில் ஷட்டரைத் தூக்கியதும் ஒரு வாசனை வரும். கஞ்சி விறைப்புப் போகாத புதுத்துணி, அந்துருண்டை, முதலாளி ஏற்றும் ஊதுவத்தி, இவற்றோடு இரண்டு தெரு தள்ளி இருக்கும் மார்க்கெட்டிலிருந்து மல்லிகையும் அழுகிய கோசு இலையும் கலந்து அடிக்கும். இன்றைக்கும் பீரோவைத் திறந்து அந்துருண்டை வாசனை முகத்தில் பட்டால் எனக்குக் குதிகால் வலிக்கிறது. மூக்குக்கும் குதிகாலுக்கும் என்ன சம்பந்தம் என்று டாக்டரைத்தான் கேட்க வேண்டும்.

வெள்ளை மெத்தை விரித்த நீள மேடை. அந்தப் பக்கம் வாடிக்கையாளர்கள் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார்கள், இந்தப் பக்கம் நாங்கள் நின்றிருப்போம். "கூத்கொள்ளி மேடம், ஏனு தோரிஸ்லி?" என்று தொடங்க வேண்டும். உட்காருங்கள், என்ன காட்டட்டும் என்று அர்த்தம். சேலையை வெறுமனே எடுத்து வைத்தால் போதாது. ஒரு நுனியைப் பிடித்து வீசினால் முந்தானை அவர்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் போய் விழ வேண்டும். நாற்பது சேலையை வீசிய பிறகு, ஒன்றும் சரியில்லை என்று எழுந்து போய்விடுவார்கள். நாற்பதையும் மடிக்க வேண்டியது நாங்கள். பிரித்த சேலையை மடித்து வைத்துவிட்டுப் போன வாடிக்கையாளர் என் அனுபவத்தில் ஒரே ஒருத்திதான். அவளிடம் வருகிறேன்.

நிற்பதையும் மடிப்பதையும்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சிரிப்பதுதான் உயிரை வாங்கியது. முதலாளியை நாங்கள் சாவ்கார் என்போம். அவர் நல்ல மனிதர், கத்த மாட்டார். கல்லாவில் உட்கார்ந்தபடியே கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "முக சிண்டரிஸ்பேடி" என்பார். முகத்தைச் சுளிக்காதீர்கள். வாடிக்கையாளர் உன்னை முட்டாள் என்றாலும் சுளிக்கக் கூடாது, உனக்கு வயிற்றுவலி என்றாலும் சுளிக்கக் கூடாது. முதல் மாதம், கடைக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகள் போட்டு வைத்திருந்த அறைக்குள் போய் தினமும் அழுதேன். அழுதுவிட்டு வந்து சிரிப்பேன். வாடிக்கையாளருக்கு வித்தியாசம் தெரியவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

என் பக்கத்தில் நின்றவள் மாதேவி அக்கா. என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள், ஆனால் பதினாறு வயதிலேயே வந்துவிட்டதால் கடையில் எட்டு வருஷம் ஆகியிருந்தது. கொள்ளேகால் தாண்டி ஹனூர்ப் பக்கம் ஒரு கிராமம். ராகியும் சோளமும் போடுகிற குடும்பம். அவள் தமிழ் எங்கள் வீட்டுத் தமிழ் மாதிரி இருக்காது, வார்த்தைக்கு வார்த்தை ஓர் இழுப்பு இருக்கும். என்னை அம்மிணி என்று கூப்பிடுவாள்.

அந்த விளையாட்டை ஆரம்பித்தது நான்தான். ஒருநாள் ஓர் அம்மாள் ஒரு மணி நேரமாகச் சேலையைப் புரட்டிக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. சிரித்த முகம் மாறாமல், ஏதோ சரக்கு இருக்கிறதா என்று விசாரிக்கிற குரலில், அவருக்குப் புரியாது என்ற தைரியத்தில் தமிழில், "அக்கா, இந்தம்மா இன்னிக்கே வாங்குவாங்களா, இல்ல பேத்தி கல்யாணத்துக்கு வந்து வாங்குவாங்களா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் பயம் வந்தது. மாதேவி அக்கா இமைகூட அசைக்கவில்லை.

"மேலடுக்குல இருக்குது அம்மிணி, எடுக்கட்டா?" என்றாள்.

சொன்னதோடு நிற்காமல் முக்காலியில் ஏறி மேலடுக்கிலிருந்து ஒரு சேலையையும் எடுத்துக்கொண்டு வந்தாள். அந்த அம்மாளுக்கு அது பிடித்துப் போயிற்று. வாங்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டே போனார்.

அதிலிருந்து அதுவே எங்கள் மருந்து ஆயிற்று. சில கட்டுப்பாடுகளும் வைத்துக்கொண்டோம். குரல் இனிப்பாக இருக்க வேண்டும். கன்னடத்துக்கும் தமிழுக்கும் பொதுவான வார்த்தை வரக் கூடாது. நாய் என்றால் அவர்களுக்கும் நாய்தான், தலை, மூக்கு எல்லாம் கிட்டத்தட்ட அதே சத்தம். கழுதையும் குரங்கும் பரவாயில்லை, கன்னடத்தில் அவற்றுக்கு வேறு பெயர். எந்தக் காரணம் கொண்டும் சிரித்துவிடக் கூடாது. ஒருத்தி என்ன சொன்னாலும் மற்றவள் உடனே மேலடுக்கில் இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். சேலையை உரசி உரசிப் பார்த்த ஒரு பெரியவரைப் பற்றி, "ஏன் அம்மிணி, இந்தாளு சேலை வாங்க வந்தாரா, கேவுரு பொடைக்க வந்தாரா?" என்று அவள் கேட்டபோது, பதில் சொல்வதற்குள் நான் நாக்கைக் கடித்து ரத்தமே வந்துவிட்டது. உங்கள் கடைப் பெண்கள் தங்களுக்குள் எவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொள்கிறார்கள் என்று ஓர் அம்மாள் சாவ்காரிடம் பாராட்டிவிட்டுப் போனதும் உண்டு. அந்த மாதம் முழுக்க நான் அட்டைப்பெட்டி அறைப் பக்கம் போகவே இல்லை.

நான் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகி, தசரா நெருங்கும்போது ஒரு செய்தி வந்தது. மாடியில் பட்டுச்சேலைப் பிரிவு. அதற்கு இன்சார்ஜாக இருந்த பெண் கல்யாணமாகி பெங்களூர் போகிறாள். அடுத்தது யார் என்று விஜயதசமியன்று சொல்லப்போவதாகச் சாவ்கார் அறிவித்தார். இன்சார்ஜுக்கு மாடியில் ஒரு நாற்காலி உண்டு. சாய்ந்துகொள்கிற நாற்காலி, கைப்பிடி வைத்தது. கீழே வேலை பார்க்கும் பெண்களில் அந்த நாற்காலியைப் பற்றிப் பேசாதவர் கிடையாது.

மாதேவி அக்காவுக்கு நின்று நின்று கெண்டைக்காலில் நரம்பெல்லாம் நீலமாகச் சுருண்டிருந்தது. பழைய ரவிக்கைத் துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் நிற்பாள். இனிமேல் இப்படி நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த இடம் அவளுக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் நான் பி.யு.சி. படித்தவள், இங்கிலீஷில் நாலு வரி எழுதுவேன் என்று சாவ்கார் இரண்டு தரம் என் காதுபடச் சொல்லியிருந்தார். அதற்கப்புறம் எனக்கும் அந்த நாற்காலி வேண்டியிருந்தது. ஆசைப்பட்டேன், ஒளிக்க என்ன இருக்கிறது.

தசரா வாரத்தில் மைசூர்க் கடைத்தெரு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூச்சுவிட இடம் கிடையாது. அப்படி ஒரு மத்தியானம் ஓர் அம்மாளும் மகளும் வந்து உட்கார்ந்தார்கள். அம்மாளுக்கு வைர மூக்குத்தி, சுத்தமான மைசூர்க் கன்னடம். மகளுக்கு முப்பதை ஒட்டி வயதிருக்கும். கழுத்தில் தாலி இல்லை. யாரோ பார்க்க வருகிறார்கள் போலிருக்கிறது, அதற்குத்தான் சேலை. அம்மாள் ஒவ்வொரு சேலையாக மகள் தோளில் வைத்துப் பார்ப்பார், இது வேண்டாம், இதில் இன்னும் கறுப்பாகத் தெரிகிறாள் என்று தள்ளுவார். அந்தப் பெண் தோளைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அறுபது சேலை ஆயிற்று. நான் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அம்மாள் விரலைச் சொடுக்கி, இன்னும் காட்டு என்றார்.

நான் சிரித்தேன். நல்ல இனிப்பான குரலில் சொன்னேன்.

"ஏன்க்கா, இவங்க பொண்ணுக்குச் சேலை பாக்குறாங்களா, இல்ல பொண்ண எவனும் பாக்கலேன்னு சேலையப் பாக்குறாங்களா?"

மாதேவி அக்கா எத்தனையோ திட்டுக்குச் சிரிக்காமல் இருந்தவள். அன்றைக்கு என்னவோ அவளுக்கு அடக்க முடியவில்லை. பொங்கிச் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே "மேலடுக்குல" என்று ஆரம்பித்தாள்.

அந்தப் பெண் தன் தோளில் கிடந்த கத்தரிப்பூக் கலர் சேலையை எடுத்தாள். மடிப்பு கலையாமல் பார்த்துப் பார்த்து மடித்தாள். மெத்தைமேல் வைத்தாள். தமிழில் சொன்னாள்.

"அம்மா, வா போகலாம். நேக்குப் புடவையே வேண்டாம்."

கடையில் அத்தனை சத்தத்திலும் எனக்கு அது மட்டும் கேட்டது. அந்த அம்மாள் எழுந்து நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கத்தவில்லை. "நாங்க மேல்கோட்டைக்காரா. எங்காத்துலயும் இதே பாஷைதான்" என்றார். அவ்வளவுதான். கல்லாவுக்குப் போய் சாவ்காரிடம் கன்னடத்தில் இரண்டு நிமிஷம் பேசினார். மகள் வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வந்து குடியேறி, வெளியில் கன்னடமும் வீட்டுக்குள் பழைய தமிழும் பேசுகிற குடும்பங்கள் மைசூரில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன என்று எனக்குப் பிற்பாடு யாரோ சொன்னார்கள். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியவில்லை. தமிழ் என்றால் எங்களைப் போலச் சுவர் கட்ட வந்தவர்கள் பேசுவது என்று நினைத்திருந்தேன். மூக்குத்தி போட்டவர்களுக்கும் அதுதான் வீட்டுப் பேச்சு என்று கற்பனைகூடச் செய்ததில்லை.

சாவ்கார் எங்கள் இருவரையும் அட்டைப்பெட்டி அறைக்குக் கூப்பிட்டார். கன்னடத்தில் ஒரே கேள்விதான் கேட்டார். அதைச் சொன்னது யார்?

நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தால் போதும். மாதேவி அக்கா என்னைப் பார்த்தாள். அவசரப்படுத்தவில்லை, சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கீழே ஒரு பெட்டியைப் பார்த்தேன். அதன்மேல் சூரத் என்று எழுதியிருந்தது. அந்த எழுத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். என் மனதில் அப்போது அந்தப் பெண்ணும் இல்லை, அக்காவும் இல்லை. நாற்காலிதான் இருந்தது.

"நானே" என்றாள் மாதேவி அக்கா.

சாவ்கார் அதை நம்பவில்லை என்றுதான் இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஒருவர் ஒப்புக்கொண்டால் விசாரணை முடிந்துவிடும், வெளியே கூட்டம் காத்துக்கொண்டிருந்தது. இனி இப்படி நடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

"ஏன்க்கா?" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நீ சொல்லுவீன்னு பாத்தேன். சொல்லுல" என்றாள். கெண்டைக்கால் கட்டை இறுக்கிக்கொண்டே, "அந்தப் புள்ள மொகத்தப் பாத்தியில்ல? யாராச்சும் ஒருத்தரு நாந்தான்னு சொல்லோணும், அவ்ளோதான். நானும்தான சிரிச்சேன்" என்றாள்.

நான் கையைப் பிடிக்கப் போனேன். அவள் பிடிக்க விடவில்லை. "அழுவாத. அறுவது சேலை கெடக்குது, மடிக்கோணும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். ஐம்பத்தொன்பதுதான் மடிக்க வேண்டியிருந்தது.

மறுநாளே சாவ்காரிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அதற்கு அடுத்த நாளும் நினைத்தேன். ஆயுத பூஜை வந்தது. கத்தரிக்கோல், கல்லாப்பெட்டி, முக்காலி எல்லாவற்றுக்கும் குங்குமப் பொட்டு வைத்தார்கள், மாடி நாற்காலிக்கும் ஒன்று வைத்தார்கள். விஜயதசமியன்று சாவ்கார் என் பெயரைச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். மாதேவி அக்காவும் தட்டினாள். அப்பா அன்றைக்கு வேலைக்குப் போகாமல் மைசூர்பாக் வாங்கிவந்து தெரு முழுக்கக் கொடுத்தார். நான் அந்தக் குங்குமம் அழியாமல் நாற்காலியில் உட்காரப் பார்த்தேன், முடியவில்லை, சேலையில் பட்டது.

ஒரு வாரம் பொறுத்து, கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துக் கீழே இறங்கி அவள் நிற்கிற இடத்துக்குப் போனேன். என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டுதான் போனேன். அவள் என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து நின்றாள். முகம் மலர்ந்தது.

"கூத்கொள்ளி மேடம், ஏனு தோரிஸ்லி?" என்றாள்.

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். "அக்கா, கோவமா?" என்றேன். "கோப ஏனூ இல்ல மேடம்" என்று கன்னடத்திலேயே பதில் வந்தது, கோபம் ஒன்றுமில்லையாம். அதே சிரிப்பு. அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியாதா? இரண்டு வருஷம் பக்கத்தில் நின்று நாங்கள் சேர்ந்து பழகிய சிரிப்பு அது. அதற்குப் பின்னால் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லிக்கொள்ள அவளுக்குப் பக்கத்தில் அப்போது ஆள் இல்லை என்பதும் தெரியும். நான் ஸ்டூலில் உட்காரவில்லை. மாடிக்கு ஏறிப் போய்விட்டேன்.

அதற்கப்புறம் அவள் என்னிடம் தமிழில் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த தசராவுக்குள் வேலையை விட்டுவிட்டாள். நஞ்சன்கூட்டில் ஒரு ஃபேக்டரியில் பேக்கிங் வேலைக்குப் போகிறாள் என்று சொன்னார்கள். உட்கார்ந்து செய்கிற வேலையா என்று விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை.

நான் பன்னிரண்டு வருஷம் மாடியில் இருந்தேன். புதிதாக வருகிற பெண்களுக்கு எப்படிச் சிரிப்பது என்று சொல்லிக்கொடுத்தேன். கல்யாணப் பட்டு வாங்க வந்தவர்கள் என்ன சொன்னாலும் எனக்குக் கோபம் வரவில்லை, அல்லது வந்தது எனக்கே தெரியவில்லை. எவ்வளவு பொறுமை என்று சாவ்கார் மெச்சினார். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் ஒருநாள் என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தி, "எதுக்கு சிரிக்கிற?" என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை. முகம் அப்படியே நின்றுபோயிருந்தது. எந்தச் சேலையை வீசினாலும் அந்தக் கத்தரிப்பூக் கலர் சேலை மடித்து மெத்தைமேல் வைக்கப்படுவது கண்ணுக்குள் வந்துவிடும். அந்தப் பெண்ணை யாராவது நல்லவன் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். அவளுக்கும் இப்போது அறுபது ஆகியிருக்கும்.

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்ஃபோன் விற்கிறார்கள். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். மேடை இல்லை, மெத்தை இல்லை. வேறு கடைகளிலும் சேலையெல்லாம் கம்பியில் தொங்குகிறது, வேண்டியதை நாமே எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். யாரும் வீசிக் காட்டுவதில்லை. யாருக்கும் மேலே ஏறி எடுக்கிற வேலையும் இல்லை. அந்த வகையில் கால்வலியாவது மிச்சம்.

இன்று காலை மகள் பொத்தானை அமுக்கிவிட்டு யாரையோ வாய்க்கு வந்தபடி திட்டினாள். நான் அடுப்படியில் நின்றிருந்தேன். என் வாய் தானாக, அந்தப் பழைய குரலிலேயே சொல்லிவிட்டது.

"மேலடுக்குல இருக்குது அம்மிணி, எடுக்கட்டா?"

அவள் ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து விலக்கினாள். "ஏனம்மா? எந்த அடுக்கு? என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. நீ பேசு."

அவள் பொத்தானை அமுக்கினாள். தேன் ஒழுக ஆரம்பித்தது. அவள் திட்டுவது யாருக்கும் கேட்பதில்லை. அது நல்லதுதான், அதனால் யாரும் சேலையை மடித்து வைத்துவிட்டு எழுந்து போக வேண்டியதில்லை. ஆனால் பதில் சொல்லவும் அவளுக்கு யாரும் இல்லை. எனக்கு ஒருத்தி இருந்தாள். அவளைக் கொடுத்துத்தான் அந்த நாற்காலியை வாங்கினேன்.